ஹம்பியில் இரவு போல்டரிங்: எந்த விளக்கு வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. பகலில் ஹம்பி கிரானைட் சுடும், விரலும் வியர்த்து வழுக்கும். அதனால் இருட்டிய பிறகு ஏறத் திட்டம். போல்டரிங் என்பதால் நாலைந்து மீட்டர் பாறைகள்தான், கயிறு கிடையாது.

ஹெட்லேம்ப் மட்டும் சரிப்படாது. வெளிச்சம் கண் மட்டத்திலிருந்தே போவதால் நிழல் விழாது, பாறை தட்டையாகத் தெரியும். கால் வைக்கிற சின்னச் சின்ன மேடெல்லாம் காணாமல் போய்விடும். பின்னாலிருந்து ஒரே விளக்கு அடித்தாலோ, ஏறுபவரின் நிழலே பிடிமானத்தை மறைக்கும். ஆகவே இடமும் வலமும் சாய்வாக, 2 மீட்டர் ட்ரைபாடில் தலா 10 வாட் எல்இடி இரண்டு வைக்கலாம் என்று யோசனை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று 74 வாட்-மணி. இழப்பு போக 60 கிடைத்தாலும் 3 மணி நேரம் தாங்கும்.

சூடானதும் தானாக மங்காத மாடல் எது? பெட்டியில் போட்டிருக்கும் லுமென் (வெளிச்ச அளவு) பல விளக்குகளில் முதல் சில நிமிடத்துக்குத்தான். விரல் வழுக்காமல் பூசும் வெள்ளைப் பொடியான சாக்கின் தடம் வெளிர் பாறையில் வார்ம் (மஞ்சள்) வெளிச்சத்தில் தெரிகிறதா, கூல் (வெள்ளை) வெளிச்சத்திலா? கிராஷ் பேட் (கீழே விழுந்தால் தாங்கும் மெத்தை) விளிம்பு தெரிய தரையில் தனி விளக்கு வைப்பவர்கள், குதிக்கும்போது கண் கூசாமல் எந்தப் பக்கம் வைக்கிறீர்கள்? பட்ஜெட் 5,000 ரூபாய், பவர் பேங்க் கையில் இருக்கிறது.