துவரம் பருப்புக்குப் புரதம் 18%தான் வருது: கெல்டால் முறையில எங்க தப்பு?

அம்பத்தூர் லேப்:
கெல்டால் முறையில (மாவை அமிலத்துல கொதிக்க வெச்சு, அதோட நைட்ரஜனை அமோனியாவா வடிச்சு அளந்து, புரதம் கணக்கிடறது) துவரம் பருப்புக்கு 22%-ஐ ஒட்டி வரவேண்டிய புரதம் 18-ல நிக்குது. மாவு 1 கிராம், பொட்டாசியம் சல்பேட் 7 கிராம், காப்பர் சல்பேட் 0.8 கிராம், அடர் கந்தக அமிலம் 12 மிலி, சூடாக்குற பிளாக் 420 டிகிரி. 4% போரிக் அமிலத்துல பிடிச்சு 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக்ல டைட்ரேஷன் (எவ்வளவு அமிலம் செலவாகுதுன்னு அளக்கிறது). டைஜஷன் (அமிலத்துல கொதிக்க வைக்கிறது) இல்லாம அமோனியம் சல்பேட்டை நேரா வடிச்சாலும் அதுல இருக்கிற நைட்ரஜன்ல 90%தான் கிடைக்குது, மதியம்னா இன்னும் மோசம். கெல்டால் காலத்துலயும் இந்த உப்பெல்லாம் உண்டா?

கிண்டி அனலிஸ்ட்:
அமோனியம் சல்பேட் 99.5-க்குக் கீழ போனா முதல் சந்தேகம் டிஸ்டிலேஷன் (வடிப்பு) மேலதான். மே மாசத்துல மொட்டைமாடி டேங்க் தண்ணியையா ஆவியைக் குளிர வைக்கிற கண்டென்சருக்கு விடறீங்க? மதியம் அது கையில பட்டாலே சுடும். வடிஞ்சு வர்ற நீர் சூடா இருந்தா அமோனியா போரிக்ல தங்காது. பக்கெட்ல ஐஸ் போட்டு, சின்ன பம்ப் வெச்சு அந்தத் தண்ணியையே சுத்த விடுங்க. குழாய் நுனி போரிக்குள்ள மூழ்கியிருக்கணும். குறைஞ்சது 150 மிலி வடியட்டும். ட்யூப் வாயில இருக்கிற ரப்பர் கெட்டிப்பட்டிருந்தாலும் கசியும். ஓடும்போது ஈரமான சிவப்பு லிட்மஸைப் பக்கத்துல காட்டுங்க, நீலமானா ஓட்டை அங்கதான்.

புரதக்கணக்கு:
அதோட முடியல. 18-ஐ 0.9-ஆல வகுத்தா 20. மீதி 2 டைஜஷன்ல போகுது. கரைசல் தெளிஞ்சதுமே பிளாக்கை அணைச்சுடறீங்கன்னு நினைக்கிறேன். தெளிவு வேற, முடிவு வேற; தெளிஞ்ச பிறகும் முக்கால் மணி நேரமாவது கொதிக்கணும். புகை உறிஞ்சியை ரொம்ப வேகமா வெச்சா அமிலம் வத்தி, உப்பு விகிதம் ஏறி, சூடு எல்லை மீறி நைட்ரஜனும் போயிடும். ஆறினதும் ட்யூப்ல கல்லா உறைஞ்சிருந்தா இதுதான் காரணம். சரிபார்க்க, நைட்ரஜன் அளவு தெரிஞ்ச லைசின் ஹைட்ரோகுளோரைடு போடுங்க, 98% வரணும். வடிக்கும்போது 40% காரம் (சோடியம் ஹைட்ராக்சைடு) 50 மிலி விட்டுச் சூடேறினதும் அடர்நீலமோ கரும்பழுப்போ ஆகணும். வெளிர்நீலமாவே நின்னா காரம் பத்தல. எல்லாம் சரியா இருந்தா, 22%-க்கு பிளாங்க் (மாவு இல்லாம ஓட்டினது) கழிச்சு 25 மிலி அமிலம் செலவாகும்.

பழைய கெமிஸ்ட்ரி:
கெல்டால் பொட்டாசியம் சல்பேட் சேர்க்கல. கோபன்ஹேகன்ல கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்துல பீருக்கான தானியத்துல புரதம் அளக்கத்தான் அவர் 1883-ல இந்த முறையை வெளியிட்டார். அடர் கந்தக அமிலத்துல கொதிக்க வெச்சு, கடைசியில பெர்மாங்கனேட் தூள் தூவி ஆக்சிஜனேற்றத்தை முடிப்பார். அதுக்கு நேரம் பிடிக்கும். 1889-ல கன்னிங் பொட்டாசியம் சல்பேட் சேர்த்து அமிலத்தோட கொதிநிலையை ஏத்தினதுக்கு அப்புறம்தான் வேகம் வந்தது. போரிக் அமிலம் இன்னும் பின்னாடி, 1913-ல விங்க்ளர் கொண்டுவந்தது. கெல்டால் 1900-லயே, 50 வயசுல இறந்துட்டார்.

இன்னொண்ணு: இந்த முறை அளக்கிறது நைட்ரஜனை, புரதத்தை இல்ல. 2008-ல சீனாவுல பால்ல நைட்ரஜன் நிறைஞ்ச மெலமைன் கலந்து ஏமாத்தினது இந்த இடுக்குலதான். பருப்புக்கு நைட்ரஜனை 6.25-ஆல பெருக்குங்க, கோதுமையோட 5.7-ஐப் போட்டா உங்க 22 அப்படியே 20 ஆகிடும். கால்குலேஷன் ஷீட்டை ஒருதடவை திறந்து பாருங்க. ஈரப்பதத்தைக் கழிச்சுச் சொல்றீங்களா, கழிக்காமலான்னும் எழுதுங்க.