புது ஏர் ரைபிளில் ஓப்பன் சைட் (லென்ஸ் இல்லாத குறி) ஜீரோ செய்வது, அதாவது குறி வைத்த இடத்திலேயே படும்படி சரிசெய்வது, எப்படி?

கரிசல்_மண்:
.177 ஸ்பிரிங் ஏர் ரைபிள் புதிதாக வாங்கியிருக்கிறேன், குழலை மடக்கி லோடு செய்கிற ரகம். தோட்டத்தில் மண்மேட்டுக்கு முன்னால் 10 மீட்டரில் அட்டை வைத்து, ரைபிளை மேசைமேல் நன்றாக அழுத்திப் பிடித்துத்தான் சுடுகிறேன், ஆனாலும் பெல்லட் (சின்னக் குண்டு) பெரும்பாலும் இடது பக்கம் கீழே போகிறது, திடீரென்று ஒன்று மேலே ஏறிவிடுகிறது. பின் சைட்டில் இரண்டு திருகு இருக்கிறது. எதை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்? இல்லை, ஸ்கோப்பே (மேலே மாட்டுகிற குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்கிவிடலாமா?

பத்து_மீட்டர்:
தம்பி, திருகை இப்போதைக்குத் தொட வேண்டாம். மேசைமேல் அழுத்திச் சுட்டால் ஸ்பிரிங் துப்பாக்கி ஒரே இடத்தில் அடிக்கவே அடிக்காது. உள்ளே பிஸ்டன் முன்னால் பாயும்போதே துப்பாக்கி அசைய ஆரம்பித்துவிடும், பெல்லட் குழலை விட்டு வெளியே வருவது அதற்கு அப்புறம்தான், அதனால் அந்த அசைவு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மணல் பை மேல் இடது உள்ளங்கையை விரித்து வைத்து, அதன்மேல் ரைபிள் சும்மா உட்கார்ந்திருக்கட்டும், விரலால் இறுக்காதீர்கள், தோளிலும் லேசாகத்தான் பட வேண்டும். கை வைக்கிற இடம் மட்டும் மாறக் கூடாது. அப்படி ஐந்து ஷாட் போட்டுவிட்டு, ஐந்தும் நெருக்கமாக விழுகிறதா என்று பாருங்கள். சிதறி விழுந்தால் சைட்டைத் திருப்பிப் பிரயோஜனம் இல்லை.

என்சிசி_பழையவன்:
அண்ணன் சொன்னதுதான் சரி. பார்வையையும் கவனியுங்கள்: முன் சைட்டின் தலை, பின் சைட்டின் மேல்விளிம்போடு சமமாக, இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய அதன் பள்ளத்தின் நடுவில் நிற்க வேண்டும். கண் முன் சைட்டில்தான் பதிய வேண்டும், அட்டையில் இருக்கிற கறுப்பு வட்டம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. வட்டத்தின் நடுவில் குறி வைப்பதைவிட, அதன் அடிவிளிம்பை முன் சைட் தொடுகிற மாதிரி வைத்தால் ஒவ்வொரு முறையும் அதே இடம் கிடைக்கும்.

திருப்புவதற்குக் கணக்கு சுலபம். பெல்லட் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, பின் சைட் அந்தப் பக்கம் நகர வேண்டும். உங்களுக்கு வலது, மேல். திருகில் போட்டிருக்கும் அம்புக்குறியை நம்பாமல் சைட் எங்கே நகர்கிறது என்று கண்ணால் பாருங்கள். இரண்டு சைட்டுக்கும் இடைவெளி 40 செ.மீ. என்றால், 10 மீட்டரில் 3 செ.மீ. தள்ளி விழுகிற குரூப்பை (ஷாட்டுகள் சேர்ந்து விழுந்த கூட்டத்தை) நடுவுக்குக் கொண்டுவர 1.2 மி.மீ. நகர்த்தினால் போதும். ஒரே நேரத்தில் இரண்டு திருகையும் திருப்பாதீர்கள், முதலில் பக்கவாட்டு, அப்புறம் உயரம், ஒவ்வொன்றுக்கும் புது அட்டை.

கரிசல்_மண்:
உள்ளங்கைமேல் வைத்துப் பார்த்தேன், குரூப் உடனே சுருங்கிவிட்டது, மேலே ஏறுகிற ஷாட்டும் இல்லை. ரொம்ப நன்றி. ஆனால் சுடும்போது லேசாகப் புகையும் எண்ணெய் வாசனையும் வருகிறதே?

பத்து_மீட்டர்:
புதுசில் அப்படித்தான், உள்ளே இருக்கிற எண்ணெய் எரிகிறது. அது அடங்கும்வரை வேகம் சீராக இருக்காது, அதனால் கடைசி ஜீரோவை அதற்குப் பிறகு வையுங்கள். ஸ்டாக் (தோளில் வைக்கிற கட்டை) திருகுகள் அதிர்ச்சியில் தளரும், சுடுவதற்கு முன் ஒருமுறை இறுக்குங்கள். தட்டைத் தலை பெல்லட் வாங்கினால் அட்டையில் ஓட்டை சுத்தமாக விழும், எங்கே பட்டது என்று சந்தேகமே வராது. பிராண்டை மாற்றினால் மறுபடி ஜீரோ பார்க்க வேண்டும். ஸ்கோப் இப்போது வேண்டாம். உங்கள் ரகத்தில் பெரும்பாலும் இரண்டு சைட்டும் குழலோடு சேர்ந்தே நகரும், குழல் மூடும்போது கொஞ்சம் மாறி உட்கார்ந்தாலும் குறி கெடாது. ஸ்கோப் குழலுக்குப் பின்னால் துப்பாக்கியின் உடம்பில் உட்காருவதால் அந்த வசதி அதற்கு இல்லை.