ஒரு வருடம் பொறுக்கலாமா, இப்போதே சேர்க்கலாமா?

வணக்கம். பிள்ளையை ஒரு வருடம் தாமதமாகப் பள்ளியில் சேர்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? உங்கள் அனுபவம் வேண்டும்.

எங்கள் மகன் வயது வரம்பின் விளிம்பில் பிறந்தவன். பத்து நாள் தள்ளிப் பிறந்திருந்தால் இந்தக் குழப்பமே இல்லை! இப்போது சேர்த்தால் வகுப்பிலேயே அவன்தான் கடைக்குட்டி. சில பிள்ளைகள் அவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவர்களாக இருப்பார்கள். கதை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். ஆனால் பென்சிலை இன்னும் கையை மூடித்தான் பிடிக்கிறான். சட்டைப் பொத்தான் இரண்டு போடுவதற்குள் அழுகை வந்துவிடுகிறது.

தேடிப் படித்ததில் குழப்பம்தான் கூடியது. பின்லாந்தில் 7 வயதில்தான் பள்ளி. இங்கிலாந்தில் பெரும்பாலான பிள்ளைகள் 4 வயதிலேயே போய்விடுகிறார்கள். தாமதமாகச் சேர்ந்தவர்களிடம் 7 வயதில் கவனச்சிதறல் குறைவு என்கிறது 2015-ல் வந்த டென்மார்க் ஆய்வு. வகுப்பில் இளைய பிள்ளைகளுக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவும் அளவுமீறிய துறுதுறுப்பும் உள்ள குறைபாடு) என்ற முத்திரை விழுவதும் அதிகமாம். எனக்கு உறுத்துவது இதுதான்: சிறுபிள்ளைத்தனத்தையே நோய் என்று சொல்லிவிட்டால்?

சரி, கேள்விக்கு வருகிறேன். தாமதித்தவர்கள் அந்த ஒரு வருடத்தை எப்படி ஓட்டினீர்கள்? அப்புறம் வகுப்பில் பிள்ளைக்குச் சலிப்புத் தட்டியதா? கடைக்குட்டியாகவே சேர்த்தவர்கள், எந்த வகுப்பில் மற்றவர்களை எட்டிப் பிடித்தார்கள் என்று சொல்லுங்கள். ஆசிரியர்கள் இருந்தால், எதை வைத்து ‘இந்தப் பிள்ளை தயார்’ என்று முடிவு செய்கிறீர்கள்?

வெள்ளிக்கிழமைக்குள் படிவம் கொடுக்க வேண்டும்.