பாம்பு வளர்க்க நிஜமாக எவ்வளவு ஆகிறது? நாய், மாடு, மீன் வளர்ப்பவர்களும் சொல்லுங்கள்

காட்பாடி மேற்கு

"நாயைவிடப் பாம்புக்குச் செலவு கம்மி, வாரத்துக்கு ஒரு எலி, அவ்வளவுதான்" என்று போன வாரம் இந்தக் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

என்னிடம் இருப்பது பால் பைத்தான் (ball python), ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சின்ன மலைப்பாம்பு வகை. பெண், ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். தீனிச் செலவு குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு எலி. மார்கழி, தை மாதங்களில் வாயே திறக்காமல் கிடக்கும், அப்போது அதுவும் இல்லை. வீட்டில் லாப்ரடாரும் இருக்கிறது. அது ஒரு வாரத்தில் தின்னும் கோழிக்கும் அரிசிக்கும் ஆகிற காசில் பாம்புக்கு ஒரு மாசத்துக்கு மேல் ஓட்டிவிடலாம்.

ஆனால் சித்திரை, வைகாசியில் வந்து பாருங்கள். வெளிநாட்டு வீடியோக்கள் எல்லாம் கூண்டைச் சூடாக்கத்தான் சொல்லித் தருகின்றன. சூடேற்றும் மேட், பீங்கான் பல்பு, தெர்மோஸ்டாட் என்று. நம் ஊரில் பிரச்சினை தலைகீழ். கூண்டின் சூடான மூலை 31, 32 டிகிரி இருக்க வேண்டும், குளிர்ந்த மூலை 26 வாக்கில். 35ஐத் தாண்டினால் ஆபத்து. மே மாதம் வேலூரில் வெளியிலேயே 41, 42 அடிக்கிறது. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை ராத்திரி பத்து மணிக்கும் கொதிக்கும். ஏசி போடாமல் வழியில்லை.

ஒரு மதியம் கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் ஏசியை இழுக்காது. கூண்டுக்குள் இருந்த தெர்மாமீட்டர் 33, 34 என்று ஏறிக்கொண்டே போகிறது. பாம்பு தண்ணீர்த் தொட்டிக்குள் மொத்தமாக இறங்கி, மூக்கை மட்டும் விளிம்பில் வைத்துக்கொண்டிருந்தது. அந்த அறைப் பக்கமே வராத என் அம்மா, ஃப்ரிட்ஜில் இருந்த தண்ணீர் பாட்டில்களை ஈரத்துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். "இந்தா, சீக்கிரம் வைடா" என்றார். ஓரமாக வைத்தேன். அது மெதுவாகத் தொட்டியை விட்டு வெளியே வந்து, அந்தத் துண்டின்மேல் தாடையைச் சாய்த்துக்கொண்டது. அம்மா வாசற்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஹாலில் நாய் டைல்ஸில் கால் நீட்டி அதுபாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு மாச ரீடிங்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும், எல்லாருக்கும் தெரிந்ததுதான். கோடையில் கூடுதலாகக் கட்டும் அந்த கரண்ட் பில்தான் என் பாம்பின் உண்மையான செலவு. எலியை மட்டும் கணக்கில் காட்டி புதுப் பையன்களுக்கு ஆசை காட்டாதீர்கள்.

சத்துவாச்சாரி அக்கா

தம்பி, நாய் டைல்ஸில் தூங்கியது சரி. எங்கள் வீட்டு நாய்க்குட்டிக்குப் பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்தபோது நாங்கள் தூங்கவில்லை. தடுப்பூசி ஒரு தவணை போட்டாகிவிட்டது, அடுத்த தவணைக்குள் வந்துவிட்டது. தினமும் காலை மாலை டிரிப்ஸ். என் மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பேன். அந்த ஒரு வாரத்து பில்லில் உங்கள் பாம்புக்கு வருஷம் முழுக்க எலி வாங்கலாம். அதனால் நாய் வளர்ப்பு மலிவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

நான் எழுத வந்தது அதற்காக இல்லை. அதே கிளினிக்கில் ஒரு பையன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், காலேஜ் படிக்கிற வயசு. மடியில் தலையணை உறை, வாய் முடிச்சுப் போட்டது. உள்ளே பாம்பு என்று அவன் சொன்னபோதுதான் தெரிந்தது. மூக்கில் நுரை வருகிறது, வாயைத் திறந்து திறந்து மூடுகிறது என்றான். டாக்டர் வெளியே வந்து, "நான் பாம்பு பார்க்கிறதில்லப்பா, சென்னைக்குக் கொண்டு போ" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு என் குட்டியை உள்ளே கூப்பிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, தெரியாததைத் தெரியும் என்று சொல்லாமல் விட்டாரே.

அந்தப் பையன் என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "அக்கா, பஸ்ல இதை ஏத்துவாங்களா?" சட்டைப் பையில் பணம் இருந்தது, நான் பார்த்தேன். நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் அதை வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்க்க ஆள் இல்லை. என் குட்டி பிழைத்துக்கொண்டது. அவன் பாம்பு என்ன ஆனது என்று தெரியவில்லை.

அணைக்கட்டு காளை

இரண்டு பேரும் பேசுவது எனக்குப் புரிகிறது. ஆனால் காளை வளர்ப்பவனிடம் செலவைப் பற்றிப் பேசாதீர்கள். எங்கள் பக்கம் தை பிறந்தால் எருது விடும் விழா. குறித்த தூரத்தைக் குறைந்த நொடியில் ஓடுகிற காளைக்குத்தான் பரிசு. அதற்காக வருஷம் முழுக்கப் பருத்திக்கொட்டை, உளுந்துப் பொட்டு, முட்டை, பேரீச்சம்பழம். நீச்சல் அடிக்க விடுவது, நடைக்குக் கூட்டிப் போவது, அதற்கு ஒரு ஆள் கூலி. பரிசே வாங்கினாலும் செலவில் பாதிகூடத் திரும்பாது. பொய்கை சந்தையில் செவ்வாய்க்கிழமை போய் நின்று கேளுங்கள், யாராவது லாபம் என்று சொல்கிறார்களா பார்ப்போம்.

எனக்குப் பாம்புச் செலவு என்றால் வேறு. கொட்டகையில் வைக்கோல் போருக்கு அடியில் கண்ணாடி விரியன் இருந்திருக்கிறது. கறவை மாடு குனிந்து வைக்கோல் இழுத்தபோது தாடையில் பிடித்துவிட்டது. விடியற்காலை பார்த்தால் முகம் ஒரு பக்கம் வீங்கி, கண் மூடிக் கிடக்கிறது. மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார். ஊசி குத்தின இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. சொட்டுச் சொட்டாகக் கழுத்து வழியே இறங்கி முன்னங்கால் வரை வந்தது, நான் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே இருக்கிறேன், பஞ்சு நனைகிறது. ரத்தம் உறையாமல் போவதுதான் அந்த விஷத்தின் வேலை என்று அவர் சொன்னார். விஷமுறிவு மருந்து குப்பி குப்பியாக ஏற்றினார். மனுஷனுக்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். எங்கள் மாட்டுக்கு ஒவ்வொரு குப்பியும் வெளியில் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். மாடு எழுந்துவிட்டது, அந்த ஈத்துப் பால் போனதுதான்.

காட்பாடித் தம்பியிடம் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஏசி போட்டால்தான் உயிர் பிழைக்கும் என்கிற ஜீவனை இந்த ஊரில் எதற்கு வளர்க்க வேண்டும்?

காட்பாடி மேற்கு

அண்ணா, கோபமே இல்லை. ஏற்கெனவே இந்தியாவுக்குள் வந்து, கைமாறி கைமாறி இங்கே வந்து சேர்ந்த உயிர் அது. ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்ப முடியாது, ஜவ்வாது மலையில் கொண்டு போய் விடவும் கூடாது. யாராவது ஒருத்தர் வைத்துக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும். அப்புறம், இதற்கு விஷம் கிடையாது. பயந்தால் தலையை நடுவில் வைத்துச் சுருண்டுகொள்ளும், அதுதான் அதற்குத் தெரிந்த தற்காப்பு.

கோர்ட் பக்கம்

பாம்பைக் கையால் தொடாதவன் நான். ஆனாலும் ஒன்று எழுத வேண்டும். வாணியம்பாடிப் பக்கம் ஒரு டீக்கடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் பக்கெட்டில் மணலைப் போட்டு மண்ணுளிப் பாம்பு ஒன்றை வைத்திருந்தார்கள். லட்சக் கணக்கில் விலை பேசினார்கள். வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டமாம். வால் மழுங்கி இருப்பதால் இரண்டு தலை என்று காட்ட, வால் நுனியில் கம்பியால் சுட்டு இரண்டு புள்ளி வைத்திருந்தார்கள். புண் ஆறவில்லை, அதில் மணல் ஒட்டியிருந்தது. அதைத்தான் மறக்க முடியவில்லை.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே செலவு செலவு என்று பேசுகிற யாரும் இதைக் கணக்கில் சேர்க்கவில்லை. நம் மண்ணுக்குச் சொந்தமான பாம்பை, அது சாரையோ மண்ணுளியோ நல்ல பாம்போ, வீட்டில் வளர்க்கக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். நம் நாட்டு மலைப்பாம்பு அதில் மிக அதிகப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்து வைத்தால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. "குட்டியாகக் கிடைத்தது, பாவம் என்று எடுத்து வளர்த்தேன்" என்பது எடுபடாது.

வெளிநாட்டுப் பாம்புக்கு என்ன கேள்வி என்று சும்மா இருந்துவிடாதீர்கள். 2022இல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. சைட்டிஸ் என்கிற, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை நான்காம் அட்டவணையாகச் சேர்த்திருக்கிறார்கள். பால் பைத்தான் அதில் வரும். அதற்கான பதிவு விதிகள் 2024 பிப்ரவரியில் வெளியாயின. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். புதிதாக வாங்கினால் 30 நாளுக்குள். முட்டை பொரித்தாலும், செத்தாலும், வேறு ஆளுக்குக் கொடுத்தாலும் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவைச் சேர்ந்த, விஷமில்லாத கார்ன் ஸ்னேக் அந்தப் பட்டியலில் இல்லை, ஆனாலும் வாங்கியதற்கு பில்லைப் பத்திரமாக வையுங்கள். பில் தர மாட்டேன் என்கிற ஆளிடம் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். காட்பாடித் தம்பி, "கைமாறி கைமாறி" என்று எழுதியிருக்கிறாய். உன் பெயரில் பதிவு இருக்கிறதா என்று இன்றைக்கே பார்.

குடியாத்தம் அம்மா

மகன் கார்ன் ஸ்னேக் வாங்கிக்கொண்டு வந்தபோது நான் இரண்டு நாள் பேசவில்லை. இப்போது அவன் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டான், பாம்புக்குச் சாப்பாடு போடுவது நான்தான்.

எலி உறைந்ததாகத்தான் வரும். இட்லி மாவும் எலியும் ஒரே ஃப்ரிட்ஜில் இருக்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். அதற்கென்று பழைய சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்க வேண்டியதாயிற்று. அதுவும் செலவுதான், யாரும் இங்கே எழுதவில்லை. எலியைக் கவரோடு வெந்நீரில் போட்டு, உடம்புச் சூடு வந்ததும் இடுக்கியால் பிடித்துக் காட்ட வேண்டும். உள்ளே சில்லென்று இருந்தால் கக்கிவிடும். அதனால் வயிற்றுப் பக்கம் விரலால் அழுத்திப் பார்ப்பேன்.

எதற்கு எழுதுகிறேன் என்றால், ஒரு நாள் அதன் கண் பாலேடு படிந்ததாக வெளுத்துப்போயிருந்தது. குருடாகிவிட்டதோ என்று பதறி மகனுக்குப் போன் போட்டேன். "சட்டை உரிக்கப் போகுதும்மா, ஈரப் பாசியை டப்பாவில் போட்டு வை" என்றான். சில நாளில் கண் தானாகத் தெளிந்தது. அதற்கப்புறம் ஒரு ராத்திரி மூக்கைக் கல்லில் உரசி உரசி, உதட்டிலிருந்து தோல் பிரிந்து வந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணின் மேல் இருந்த கண்ணாடி மாதிரி மூடிகூட அந்தத் தோலில் முழுசாக இருந்தது. உள்ளேயிருந்து வந்த நிறம் இருக்கிறதே, நெசவுக்காரக் குடும்பத்தில் பிறந்து எத்தனையோ சாயம் பார்த்திருக்கிறேன், அந்தச் சிவப்பு எனக்குப் புதிது.

ஆடி மாசம் பக்கத்து வீட்டம்மா சொம்பில் பால் கொண்டு வந்தார். பாம்பு பால் குடிக்காது, அதற்குச் செரிக்காது, தாகம் தாங்காமல் கிடக்கிற பாம்புதான் எதைக் கொடுத்தாலும் குடிக்கும் என்று மகன் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் நம்பவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தைக் காட்டி, அது தண்ணீர் குடிக்கிறபோது கூப்பிடுகிறேன் என்றேன். கூப்பிட்டேன், வந்து பார்த்தார்.

கலவை விவசாயி

கோர்ட் பக்கம் ஐயா சொன்னது சரி, சாரையை வளர்க்கக் கூடாது. அது தானாக வளர்கிறது. எங்கள் நிலக்கடலைக் கொல்லை வரப்பில் ஒரு சாரை இருக்கிறது. அது எலி வளைக்குள் தலையை விட்டு, உடம்பு முழுக்க உள்ளே போய், கொஞ்ச நேரத்தில் வேறு வளையில் வெளியே வந்ததைக் களை எடுக்கும்போது பார்த்தேன். நடு உடம்பு உப்பியிருந்தது. அந்த வருஷம் எலிக்கு மருந்து வாங்கவில்லை. சாரையைப் பார்த்ததும் தடி எடுக்கிறவர்களைத்தான் என்னால் நிறுத்த முடியவில்லை. விஷமில்லாத பாம்பு என்று சொல்லச் சொல்ல அடிக்கிறார்கள்.

பாகாயம்

எல்லாரும் மாசச் செலவு பேசுகிறீர்கள், வருஷக் கணக்கை யாரும் பேசவில்லை. நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம். பால் பைத்தான் நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது, முப்பது வருஷம். இருபது வயசுப் பையன் வாங்கினால் அவன் பிள்ளை காலேஜ் போகும்போதும் அது இருக்கும்.

எங்கள் மாடியில் வாடகைக்கு இருந்த மாணவன் ஒருவன் பைத்தான் வைத்திருந்தான். நான்கு வருஷப் படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்புகிற அன்று, கூண்டோடு கீழே வந்து, "அங்கிள், நீங்க வச்சுக்கறீங்களா? மேட், தெர்மோஸ்டாட் எல்லாம் ஃப்ரீ" என்றான். வாசலில் ஆட்டோ நிற்கிறது, அவன் அப்பா பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்கிறார். அந்தப் பிராணி கூண்டின் மூலையில் சுருண்டு, தலையை மட்டும் தூக்கி நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் பொறுப்பில்லாதவன் இல்லை. வாங்கும்போது பதினெட்டு வயசு, விற்றவன் ஆயுசு எவ்வளவு என்று சொல்லவில்லை.

வைத்துக்கொண்டேன். பதிவை என் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்திருக்கிறேன். சென்னையில் பாம்பு பார்க்கும் டாக்டரின் நம்பர் என்னிடம் இருக்கிறது. சத்துவாச்சாரி அக்கா சொன்ன பையனைத் தெரிந்தவர்கள் இருந்தால் தனி மெசேஜ் போடுங்கள், தருகிறேன். அடுத்த மாசம் நானே காரில் போகிறேன், வேலூரிலிருந்து யார் பாம்பாக இருந்தாலும் ஏற்றிக்கொள்ள இடம் இருக்கிறது.