கதீட்டர் போட்ட சிஓபிடி நோயாளி: கல்ச்சரில் ஈ.கோலை, சிப்ரோ தொடங்கலாமா?

கேள்வி: 72 வயது ஆண். சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்), மூச்சிரைப்பு முற்றி அட்மிட் ஆகி 6 நாள், அன்றிலிருந்தே ஃபோலி கதீட்டர் (சிறுநீர்ப்பைக்குள் வைக்கும் குழாய்). டியோலின் நெபுலைசர், பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு) 40 மி.கி., மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் ஓடுகிறது. காய்ச்சல், இடுப்பு வலி இல்லை. யூரின் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) ஈ.கோலை பாக்டீரியா, 1 லட்சம் காலனி. சிப்ரோ (சிப்ரோஃப்ளாக்சசின்) ஆன்டிபயாடிக்குக்கு சென்சிட்டிவ்.

பதில் 1: அறிகுறி இல்லையென்றால் வேண்டாம். கதீட்டர் இருந்தால் நாள் ஆக ஆகக் கிருமி குடியேறத்தான் செய்யும். சாம்பிள் யூரின் பையிலிருந்து எடுத்ததா? அப்படியானால் அந்த ரிப்போர்ட்டை நம்பாதீர்கள். டியூபை போர்ட்டுக்குக் (டியூபில் சாம்பிள் எடுக்கும் இடம்) கீழே கொஞ்ச நேரம் கிளாம்ப் செய்து, போர்ட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, சிரிஞ்சில் எடுக்க வேண்டும். 2 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போகாவிட்டால் ஃபிரிட்ஜில்.

ஆனால் ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும். நடுக்கம், பிபி இறக்கம் வந்தால் கணக்கே வேறு. குழப்பம் மட்டும் வந்தால் முதலில் ஏபிஜி (தமனி ரத்தத்தில் வாயு அளவு பார்க்கும் டெஸ்ட்) பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு ஏறியிருக்கலாம். வார்டில் இந்தக் குழப்பத்தைத்தான் யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று அவசரப்பட்டு எழுதிவிடுகிறார்கள்.

பதில் 2: மருந்து தேவைப்பட்டாலும் சிப்ரோ வேண்டாம். அது ஈரலில் தியோஃபிலின் சிதைவதைத் தடுக்கும். ரத்தத்தில் அளவு ஏறி வாந்தி, படபடப்பு, வலிப்பு வரை போகும். 60 தாண்டியவருக்கு ஸ்டீராய்டோடு சேர்ந்தால் குதிகால் தசைநார் அறுபடும் அபாயமும் உண்டு.

பதில் 3: கதீட்டர் ஏன் இன்னும் இருக்கிறது? டியோலினில் உள்ள இப்ராட்ரோபியம், புராஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீரை அடைக்கும். அடைப்புக்காகப் போட்டதென்றால் டியோலினில் உள்ள இன்னொரு மருந்தான லெவோசால்புடமால் மட்டும் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள், மலச்சிக்கலைச் சரிசெய்து கதீட்டரை எடுத்துப் பாருங்கள். யூரின் அளவு பார்க்கத்தான் என்றால் வெளியே உறைபோல் மாட்டும் காண்டம் கதீட்டரே போதும்.