மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது: படுத்தே இருக்கணுமா?

அரிசிக்கடை, யாங்கூன்:
வீட்டுக்காரருக்கு வயசு 46. போன வாரம் 24 பியீ (பர்மிய அரிசிப் படி) அரிசி மூட்டையோடு திரும்பும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிய நிமிர முடியலை. வலி இடது புட்டத்தோடு நிற்கிறது, காலுக்கு இறங்கலை. பெரியவங்க பத்து நாள் பலகையில் படுக்கச் சொல்றாங்க. ஸ்கேன், பெல்ட் எல்லாம் தேவையா?

பிசியோ, மாண்டலே:
அக்கா, முதலில் மூன்று விஷயம் கேளுங்க. மூத்திரம் அடைக்கிறதா, தெரியாமல் போகிறதா? ஆசனவாயைச் சுற்றியோ உள்தொடையிலோ மரத்திருக்கிறதா? பாதத்தைத் தூக்க முடியாமல் நடையில் தட்டுகிறதா? ஒன்று இருந்தாலும் ராத்திரியென்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்க. முதுகெலும்பின் கீழ்ப்பகுதிக்குள் இருக்கும் நரம்புக் கொத்து நசுங்கியிருக்கலாம்.

இல்லையென்றால் தயவுசெய்து படுக்க வைக்காதீங்க. படுக்கப் படுக்க இடுப்பு இறுகும், அசையவே பயம் வரும். மணிக்கொரு தரம் அஞ்சு நிமிஷம் வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும். மல்லாந்து படுத்தபடி நேராக எழுந்தால் சுரீர் என்று பிடிக்கும். ஒருக்களித்து, முழங்கால் மடக்கி, இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே கையை ஊன்றி எழணும். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி 15 நிமிஷம் வைக்கலாம். டீக்கடைக் குட்டை ஸ்டூல் இப்போதைக்கு வேண்டாம். அதில் முழங்கால் மேலே ஏறி, நடு இடுப்பு வளைந்தே கிடக்கும்.

பெரும்பாலும் 4–6 வாரத்தில் தணிந்துவிடும். ஸ்கேன் இப்போது குழப்பத்தைத்தான் கூட்டும்: 40 வயதில் வலியே இல்லாதவர்களிலும் பாதிப் பேருக்கு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை போன்ற வட்டு) பிதுக்கம் தெரியும். பெல்ட்டுக்குக் காசு போடாதீங்க.

மருந்துக்கடை, பகோ:
மாத்திரை வேண்டுமென்றால் ஐபுபுரூஃபன் 400 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு, 8 மணி நேரத்துக்கு ஒன்று, சில நாளுக்கு மட்டும். குடல்புண், சிறுநீரகக் கோளாறு, இருதய நோய் இருந்தாலோ ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தாலோ டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

மழைக்காலத்தில் இடுப்பு வலியோடு காய்ச்சலும் வந்தால் டெங்குவாக இருக்கலாம். அப்போது ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் இரண்டும் ரத்தக்கசிவைக் கூட்டும். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை பாராசிட்டமால் மட்டும்தான். பெயர் தெரியாத கலவை மாத்திரைப் பொட்டலம் எவ்வளவு சீக்கிரம் வலியைக் குறைத்தாலும் வாங்காதீங்க, ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

அரிசிக்கடை, யாங்கூன்:
நீங்க சொன்ன மூன்றும் இல்லை, காய்ச்சலும் இல்லை. மறுபடி மூட்டை எப்போ தூக்கலாம்?

பிசியோ, மாண்டலே:
அரை மணி நேரம் தடையில்லாமல் நடக்க வந்ததும் 5 கிலோவில் ஆரம்பிங்க. மறுநாள் காலை வலி கூடலைன்னா ரெண்டு மூணு நாள் கழித்துக் கொஞ்சம் ஏற்றுங்க. கூடினால் ஒரு படி இறங்குங்க. குணமான பிறகும் நடையை விடக்கூடாது. வலி திரும்ப வருவதை நடைப்பயிற்சி தள்ளிப்போடுகிறது என்று 2024-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது.

24 பியீ மூட்டை ஏறக்குறைய 49 கிலோ. எல்லா வசதியும் அமைந்த நிலையிலேயே அமெரிக்கத் தொழில் பாதுகாப்புக் கணக்கில் ஒருவருக்கு 23 கிலோதான் வரம்பு. ஆகவே இனி இரண்டு பேர் பிடிக்கணும். எழுந்தவுடன் பாரம் வேண்டாம். ராத்திரி முழுக்க நீர் ஏறி டிஸ்க் உப்பியிருக்கும், குனிந்தால் அழுத்தம் அதிகம். மூட்டையை வயிற்றோடு அணைத்து, இடுப்பைத் திருகாமல் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்பணும். அவருக்கு அடிபட்டது அந்தத் திருப்பத்தில்தான். தரையில் அடுக்காமல் முட்டி உயரத்துக்குப் பலகை போட்டு அதன்மேல் அடுக்கச் சொல்லுங்க.