ஒலியியல்: இரண்டு துறைக்கும் ஒரே சொல்லா?

குழுவினருக்கு வணக்கம்.

ஓர் இயற்பியல் நூலின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன். பிரெஞ்சுக் கணிதர் ஜோசப் சோவர் 1701-இல் ஒலியை ஆராயும் இந்தத் துறைக்கு ‘அக்குஸ்டிக்’ என்று பெயர் வைத்தார். ‘கேட்டல்’ என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. நான் ‘ஒலியியல்’ என்று போட்டால் அந்த வரியே பொருளற்றுப் போகிறது. போதாக்குறைக்கு, பேச்சொலிகளை ஆராயும் மொழியியல் பிரிவையும் ஒலியியல் என்றுதான் எழுதுகிறோம். நூலில் இரண்டும் வருகின்றன.
— க.

ஐயா, ‘கேட்பியல்’ என்று வையுங்கள். கேள், கேட்பு, கேட்பியல். புணர்ச்சியில் குறையே இல்லை. சோவருக்கே செவித்திறன் குறைவு என்பார்கள், அவர் கேட்டலைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. வள்ளுவரும் ‘கேள்வி’க்கு ஓர் அதிகாரம் கொடுத்தார். கேள் என்றால் உறவும் ஆகும்: கேளிர், கேண்மை. சொன்னதைக் காது கொடுத்துக் கேட்பவனே உறவு என்று...
— ந.

கேளிர் வரைக்கும் போய்விட்டீர்கள் அண்ணா, வெள்ளிக்கிழமை வந்துவிடும்! 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வு நம் காதில் விழாது. அதுவும் இந்தத் துறையில்தான் அடக்கம். ஜெர்மானிய இயற்பியலாளர் கிளாட்னி 1787-இல் தகட்டில் மணல் தூவி, விளிம்பில் வயலின் வில்லை இழுத்து, அதிர்வின் கோலத்தைக் கண்ணுக்குக் காட்டினார். அதைப் ‘பார்ப்பியல்’ என்பதா?
— த.

தம்பி, அந்த அதிர்வு வௌவாலுக்குக் கேட்கிறதே! கேட்பு மனிதனுக்கு மட்டும் என்று எந்த இலக்கணம் சொல்கிறது? மருத்துவம் படித்த ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் எழுதிய நூலில் இசையொலியையும் காதையும் சேர்த்தே ஆராய்ந்தார். உட்செவியின் நத்தை எலும்புக்குள் அலை எப்படி ஓடுகிறது என்று காட்டிய பேக்கேஷிக்கு 1961-இல் கிடைத்த நோபல், மருத்துவத்துக்கு. இயற்பியலுக்கு அல்ல.
— ந.

வகுப்பில் நிற்பவள் சொல்கிறேன். ‘கேட்பியல்’ என்று கரும்பலகையில் எழுதினால், கேள்வி கேட்கும் கலையா டீச்சர் என்பார்கள். ஒலியியல் எல்லாருக்கும் பழகிவிட்டது, விட்டுவிடுங்கள். மொழியியல் பிரிவை ‘ஒலிப்பியல்’ ஆக்கலாம். தொல்காப்பியர் பிறப்பியலில் உந்தியிலிருந்து எழும் காற்றில் தொடங்குகிறாரே, அது ஒலிப்பு பற்றிய பேச்சுதானே?
— மீ.

டீச்சர் சொன்னதே எனக்கும் சரி.
— த.

எல்லாருக்கும் நன்றி. இயற்பியலுக்கு ஒலியியல், மொழியியலுக்கு ஒலிப்பியல். சோவர் வரியில் ‘அக்குஸ்டிக்’கை அப்படியே விட்டு, கேட்டல் என்ற பொருளைச் சேர்த்துவிடுகிறேன். காதைப் பற்றிய பகுதிக்கு மட்டும் கேட்பியல். அண்ணாவுக்கும் மனக்குறை இருக்காது.
— க.

இருக்கிறது. பெயர் வைத்தவர் சொன்ன பொருளை ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டீர்கள். அப்புறம், ஒலியியலுக்கும் ஒலிப்பியலுக்கும் நடுவில் எத்தனை எழுத்து வித்தியாசம்? மெய்ப்புப் பார்ப்பவர் பிழை என்று நினைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார். அச்சானதும் எனக்கு ஒரு படி அனுப்புங்கள், பார்க்கிறேன்.
— ந.